டெபியன் மெயின்டெய்னர் ஆவது எப்படி: ஒரு சாவி, இரண்டு கையெழுத்து, 14 மாதம்

முதல் பயணம் வீண். இரவு பஸ் பிடித்து பெங்களூர் போய், காலையில் ஒரு டீக்கடை வாசலில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் டெவலப்பர் ஒருவரைச் சந்தித்தேன். ஆறு மாதமாக என் பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராக நான் கட்டிவைத்த மென்பொருளை, பார்த்துப் பதிவேற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மின்னணுக் கையெழுத்துப் போட நான் செய்த சாவியின் கைரேகையும் (அதை அடையாளம் காட்டும் எழுத்துச் சரம்) என் பெயரும் அச்சடித்த சீட்டையும் பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தச் சீட்டுல இருக்கறது யாரு?" என்றார்.

சீட்டில் இருந்தது என்னை எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயர். பாஸ்போர்ட்டில் பள்ளிச் சான்றிதழ்ப் பெயரும் அப்பா பெயரும். டீக்குக் காசு அவரே கொடுத்தார், கையெழுத்து கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் புதுச் சாவி செய்து, மறுபடி ஆள் தேடி, விண்ணப்பித்து, என் பேக்கேஜை நானே பதிவேற்றிய நாள் வரை மொத்தம் 14 மாதம். அதில் பாதியைத் தவிர்த்திருக்கலாம். உங்களுக்கு அந்தப் பாதி மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். டெபியனுக்குத் திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் அதன் களஞ்சியத்துக்குள் ஒரு பேக்கேஜ் நுழைய வேண்டுமானால், டெபியன் நம்பும் சாவிகளின் தொகுப்பான சாவிக்கொத்தில் உள்ள ஏதோ ஒரு சாவி அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உபுண்டுவும் இன்னும் பல லினக்ஸ்களும் டெபியனிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரு சாவியைக் கொத்தில் சேர்ப்பதற்கு முன்னால் "இது யாருடைய சாவி?" என்ற கேள்விக்கு இன்னொரு மனிதர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சாவியில் அவர் தன் சாவியால் போடும் கையெழுத்துதான் அந்தப் பதில். நாம் அலைவதெல்லாம் அதற்காக.

கட்டளைகளை இங்கே எழுதவில்லை. எவனோ எழுதிய கட்டுரையிலிருந்து கட்டளையை எடுத்து டெர்மினலில் ஒட்டுவதுதான் இந்தத் துறையில் முதலில் விட வேண்டிய பழக்கம். கருவியின் பெயர் சொல்கிறேன். அதன் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா?

ஒரே ஒரு பேக்கேஜை ஒரே ஒரு முறை டெபியனுக்குள் சேர்க்க நினைத்தால் இவ்வளவு தூரம் வர வேண்டாம். உங்களுக்காகப் பதிவேற்றித் தரும் ஸ்பான்சர் ஒருவர் போதும். மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப் பதிப்பு போட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஸ்பான்சர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று காத்துக் கிடக்கிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

டெபியன் மெயின்டெய்னர் வேறு, டெபியன் டெவலப்பர் வேறு. மெயின்டெய்னருக்குக் குறிப்பிட்ட சில பேக்கேஜ்களை மட்டும் பதிவேற்றும் உரிமை உண்டு. அந்த உரிமையை ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு டெவலப்பர் தனித்தனியாகத் தர வேண்டும். டெவலப்பர் என்றால் எதையும் பதிவேற்றலாம், ஓட்டும் போடலாம், ஆனால் அந்த வழி நீண்டது. இந்தக் கட்டுரை மெயின்டெய்னர் வரைக்கும்தான்.

2. பெயரை முடிவு செய்யுங்கள், சாவி அப்புறம்

நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க. முருகன் என்று ஒருவர், அப்பா பெயர் கதிரேசன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் "முருகன் கே" என்று இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் "கே முருகன்". பான் அட்டையில் எந்த வரிசையில் வந்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய், ஆள் "முருகன் கதிரேசன்" ஆகியிருப்பார். இணையத்தில் அவர் "முருகா". நமக்கு இது எல்லாமே ஒரே ஆள்தான். ஆனால் இன்ஷியல் என்ற வழக்கத்தையே கேள்விப்படாத ஒரு ஜெர்மன்காரருக்கு இவை நாலு வெவ்வேறு பெயர்.

ஆகவே சாவி செய்வதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் அடையாள அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி வையுங்கள். எதைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள பெயரை, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலோடு, சாவியில் போடுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதுவே நல்லது. வெளிநாட்டுக்காரருக்கும் பழகிய ஆவணம் அது. முழுப் பெயரும் சாவியில் வர வேண்டும், செல்லப் பெயரும் இன்ஷியலும் வேண்டாம். "கே. முருகன்" என்ற சாவியில் கையெழுத்துப் போடும் இளகிய மனதுக்காரர்கள் இருக்கிறார்கள்தான். நீங்கள் சந்திக்கப் போகிறவர் அப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரியும்?

சுருக்கப் பெயரும் வேண்டும் என்றால் அதே சாவியில் இன்னொரு அடையாளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்து ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக விழுகிறது. பாஸ்போர்ட் பெயருக்கு வாங்கிய கையெழுத்து, பிற்பாடு சேர்த்த பெயரில் தானாக ஒட்டிக்கொள்ளாது.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இதற்காகவே எடுக்க வேண்டியதில்லை. படம் உள்ள அரசு அட்டை எதுவானாலும் பேசிப் பார்க்கலாம். எப்படியும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. விண்ணப்பத்தில் பெயர்க் கட்டங்களை நிரப்பும்போது மேலே சொன்னதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

3. சாவி செய்வது

வேலை பத்து நிமிடம், யோசனை ஒரு நாள். கருவியின் பெயர் க்னூபிஜி, எல்லோரும் சொல்வது ஜிபிஜி. 4096 பிட் ஆர்எஸ்ஏ அல்லது எட்25519, இந்த இரண்டு சாவி வகையில் எதுவானாலும் டெபியன் ஏற்கும். எங்கோ கிடக்கும் உங்கள் பழைய 1024 பிட் சாவியைத் தூசி தட்டி எடுக்காதீர்கள், செல்லாது.

கையெழுத்து, குறியாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இரண்டுக்கும் துணைச் சாவிகள் இருக்கட்டும். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் மூலச் சாவியை மடிக்கணினியில் வைக்க வேண்டாம். இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் பீரோவிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் துணைச் சாவிகள் மட்டும். மடிக்கணினி திருடு போனால் துணைச் சாவியை ரத்து செய்துவிட்டு, மூலச் சாவியில் வாங்கிய கையெழுத்துகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூலச் சாவியே போனால் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

காலாவதித் தேதி கட்டாயம் போடுங்கள். ஒன்று அல்லது இரண்டு ஆண்டு போதும், முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். 'இந்தச் சாவி இனி செல்லாது' என்று அறிவிக்கும் ரத்துச் சான்றிதழை ஜிபிஜியின் 2.1 பதிப்புக்குப் பிந்தியவை சாவி செய்யும்போதே தாமாக எழுதி வைத்துவிடும். அதையும் பென்டிரைவில் சேர்த்து வையுங்கள்.

கல்லூரிக் காலத்தில் நான் செய்த முதல் சாவிக்குக் காலாவதியும் இல்லை, ரத்துச் சான்றிதழை எடுத்தும் வைக்கவில்லை. ஹார்டு டிஸ்கை அழித்துப் புது லினக்ஸ் போட்ட அன்று சாவியும் போயிற்று. ஆனால் பொதுச் சாவியை (சாவியின் ஊருக்குக் காட்டும் பாதியை) எல்லோரும் ஏற்றி வைக்கும் கீசர்வரில் என் பெயரோடும் பழைய மின்னஞ்சலோடும் அது இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்க எனக்கு வழியில்லை. யாராவது அந்தச் சாவிக்குக் குறியாக்கம் செய்து மடல் அனுப்பினால் என்னால் படிக்கவும் முடியாது.

யூபிகீ, நைட்ரோகீ போன்ற வன்பொருள் சாவி சில ஆயிரம் ரூபாய் ஆகும். நல்லதுதான், ஆனால் இந்தக் கட்டத்தில் கட்டாயமில்லை. முதல் வருடம் நான் வாங்கவில்லை.

4. துண்டுச்சீட்டு

சாவியின் கைரேகை என்பது 40 எழுத்து, நாலு நாலாகப் பிரித்துப் பத்துக் கொத்து. சைனிங்-பார்ட்டி என்ற பேக்கேஜில் உள்ள ஒரு கருவி, பெயர், மின்னஞ்சல், கைரேகை மூன்றையும் ஒரு தாளில் பத்திருபது முறை திரும்பத் திரும்ப அச்சடிக்கத் தோதாகக் கோப்பு செய்து தரும். ஒரு தாள் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஐந்து ரூபாய்க்குள்.

இந்த ஐந்து ரூபாய் வேலையிலேயே மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது, கைரேகையை உங்கள் சொந்தக் கணினியில் உள்ள சாவியிலிருந்து எடுங்கள். கீசர்வரில் தேடி வந்ததை அச்சடித்தால், உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்றிய சாவியாகக்கூட அது இருக்கலாம். அங்கே யாரும் யார் பெயரிலும் ஏற்றலாம்.

அடுத்தது, எட்டு எழுத்துச் சுருக்க அடையாளத்தை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதே எட்டு எழுத்தில் முடியும் போலிச் சாவி செய்வது சாதாரணக் கணினியிலேயே நடக்கிற காரியம். 2016இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே அப்படி ஒரு போலி கீசர்வரில் கிடந்தது.

மூன்றாவது ஜெராக்ஸ் கடை. அச்சடிக்க எடுத்துப் போகும் பென்டிரைவில் அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்க வேண்டும். சாவி நகல் வைத்திருக்கும் பென்டிரைவை அந்தக் கடைக் கணினியில் செருகினீர்கள் என்றால் 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

5. ஆளைத் தேடுவது

மெயின்டெய்னருக்கும் பிற்பாடு டெவலப்பருக்கும் சேர்த்து உதவும்படி, குறைந்தது இரண்டு டெபியன் டெவலப்பர்களின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் விக்கியில் கையெழுத்திடத் தயாராக இருப்பவர்களை நாடு, ஊர் வாரியாகப் பட்டியலிட்ட பக்கம் ஒன்று உண்டு. இந்தியாவுக்கும் அதில் பெயர்கள் இருக்கின்றன. சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் பதில் போட மாட்டார்கள். ஐந்து பேருக்கு எழுதினால் இருவர் பதில் போடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாடுகள் இதைவிட எளிது. 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறிய டெபியன் மாநாடு நடந்தது. இந்த மாதிரி ஓர் இடத்தில் இரண்டு நாளில் நாலைந்து கையெழுத்து வாங்கிவிடலாம். உலக மாநாட்டுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும். மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே அதற்கான தேதி முடிந்துவிடும். நான் விட்டது அப்படித்தான்.

முதல் மடலில் "எனக்குக் கையெழுத்து வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பேக்கேஜில் என்ன செய்தீர்கள், எந்த ஊர், எந்தெந்த நாளில் வர முடியும் என்று நாலு வரி எழுதுங்கள். அவர் வசதிக்கு நீங்கள் போக வேண்டும், உங்கள் வசதிக்கு அவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நேரில் சந்திக்க வழியே இல்லாதவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. உங்களோடு நீண்ட நாள் சேர்ந்து வேலை செய்த டெவலப்பர்கள், "இந்த வேலையைச் செய்துவரும் ஆளின் சாவி இதுதான்" என்று விண்ணப்பத் தளத்தில் ஒப்புக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு அவர்களோடு ஏற்கெனவே கணிசமாக வேலை செய்திருக்க வேண்டும், குறுக்கு வழியாக நினைக்காதீர்கள்.

6. சந்திப்பு

எடுத்துப் போக வேண்டியவை: அசல் அடையாள அட்டை, சீட்டுகள், பேனா. மடிக்கணினி வேண்டாம். கையெழுத்து அங்கேயே விழும் என்று நினைத்து நான் மூன்று கிலோ சுமந்து போனேன். அங்கே நடப்பது ஆளைப் பார்ப்பதும் அட்டையைப் பார்ப்பதும் மட்டும்தான். சீட்டில் ஒரு டிக் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், மற்றதை வீட்டுக்குப் போய்ச் செய்வார்.

போனில் டிஜிலாக்கரைக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு, அட்டையையே கொண்டு போங்கள். அதே சமயம் நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள், போட்டோ பிடிக்கவும் விடாதீர்கள். கண்ணால் பார்த்தால் போதும். ஆதார்தான் இருக்கிறது என்றால் எண்ணின் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த அட்டையை அச்சிட்டுக்கொள்ளலாம்.

எதிரே இருப்பவர் தன் சீட்டை உங்களிடம் நீட்டினால் நீங்களும் உண்மையாகவே பாருங்கள். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. 2006இல் மெக்சிகோவில் நடந்த டெபியன் மாநாட்டில் ஒருவர் எந்த அரசும் தராத, காசு கொடுத்து வாங்கிய ஓர் அட்டையைக் காட்டிப் பார்த்தார். வரிசையில் நின்ற பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பெரிய சண்டை ஆயிற்று. நான் இப்போது படத்தையும் முகத்தையும் பார்த்த பிறகு, பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறேன். சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

7. கையெழுத்து வந்து சேர்வது

பெரும்பாலோர் காஃப் என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். அது உங்கள் சாவியில் உள்ள ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக, குறியாக்கம் செய்த மடலில் கையெழுத்தை அனுப்பும். அந்த மின்னஞ்சல் உங்களுடையது, சாவியும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்ற இரண்டும் அதிலேயே சோதிக்கப்பட்டுவிடுகின்றன. மடலை அவிழ்த்து, கையெழுத்தை உங்கள் சாவியில் இறக்குமதி செய்து, சாவியை நீங்கள்தான் கீசர்வரில் ஏற்ற வேண்டும்.

காலம்? ஒருவர் அன்றிரவே அனுப்பினார். இன்னொருவர் ஏழு வாரம். இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புவதில் தவறில்லை. அதற்கு முன் ஸ்பேம் கூடையைப் பாருங்கள். குறியாக்கம் செய்த இணைப்போடு வரும் மடல் அங்கே போய் விழுவது சகஜம்.

இனி, ஒரு வார இறுதி முழுவதும் நான் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம். சாவியைக் கீசர்வரில் ஏற்றினேன், திரும்ப இறக்கிப் பார்த்தேன், வாங்கிய கையெழுத்து ஒன்றுகூட இல்லை. காரணம் இரண்டு. இப்போது பலரும் பயன்படுத்தும் கீஸ் டாட் ஓபன்பிஜிபி டாட் ஓஆர்ஜி என்ற சர்வர், மற்றவர்கள் போட்ட கையெழுத்துகளைக் கழித்துவிட்டுத்தான் சாவியைத் தரும். அதற்கு மேல், 2.2.17 பதிப்பிலிருந்து ஜிபிஜியும் கீசர்வரிலிருந்து வரும் மற்றவர் கையெழுத்துகளை இயல்பாகவே ஒதுக்கிவிடுகிறது. 2019இல் யாரோ சிலருடைய சாவிகளில் பல்லாயிரம் குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி அவற்றைப் பயன்படுத்தவே முடியாமல் செய்ததன் விளைவு இது. ஆகவே உபுண்டு நடத்தும் கீசர்வரில் ஏற்றுங்கள். ஏறிவிட்டதா என்று ஜிபிஜியைக் கேட்காமல், அதன் வலைப்பக்கத்தில் தேடிக் கண்ணால் பாருங்கள்.

8. இதற்கிடையே வேலை

கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வேலை செய்துகொண்டே இருங்கள். சாவியில் எத்தனை கையெழுத்து இருந்தாலும், பேக்கேஜ் வேலை இல்லை என்றால் உங்களைப் பரிந்துரைக்க ஆள் வராது.

புதுப் பேக்கேஜோடு தொடங்காதீர்கள், ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுங்கள். கைவிடப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியல் டெபியனிடம் இருக்கிறது. எழுத்துருக் குழு, பைத்தான் குழு போன்றவற்றில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. தமிழ் எழுத்துருக்களும் எழுத்துருக் குழுவின் கையில்தான் இருக்கின்றன, நம்மவர்களுக்கு நல்ல நுழைவாயில். குழுக்களின் கிட் களஞ்சியம், அதாவது மூல நிரலும் அதன் மாற்றங்களும் இருக்கும் இடம், சல்சா என்ற தளத்தில் இருக்கிறது. கணக்கு திறந்த பிறகு ஒப்புதலுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

புதுப் பேக்கேஜ்தான் வேண்டும் என்றால் உரிமக் கோப்பில் கவனம். ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமம் என்று அதில் இருக்க வேண்டும். புதிதாக வரும் பேக்கேஜ்கள் ஒரு தனி வரிசையில் நின்று, மனிதர்கள் படித்துப் பார்த்த பிறகே உள்ளே போகும். சில நாளில் போனதும் உண்டு, மாதக்கணக்கில் நின்றதும் உண்டு. என்னுடையது திரும்பி வந்தது. உதவிப் பக்கத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஒரு படத்துக்கு உரிமம் எங்கும் எழுதப்படவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றபோது வலித்தது.

9. மூலக் கோப்பை ஸ்பான்சர் ஏன் இவ்வளவு குடைகிறார்?

புதியவர்கள் மனம் நோகிற இடம் இது. "கையெழுத்து சரியாகத்தானே இருக்கிறது, இன்னும் என்ன?" என்று எனக்கும் தோன்றியது.

பல லினக்ஸ்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில், 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த விவகாரம் நினைவிருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை பார்த்து, பராமரிப்புப் பொறுப்பைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததில் அது பிடிபட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்கு வரவில்லை, ஆனால் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. அந்தப் பதிப்புகளாக வெளியிட்ட தொகுப்புகளில், அதாவது வெளியீட்டுக் கோப்புகளில், கையெழுத்து முறைப்படி சரியாகவே இருந்தது. பின்கதவை இயக்கும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக் கோப்புக்குள் மட்டும் இருந்தது.

அதனால் உங்கள் ஸ்பான்சர் வெளியீட்டுக் கோப்பையும் கிட்டையும் வரி வரியாக ஒப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஒப்பிட்டு, வித்தியாசம் எதனால் என்று மடலில் எழுதிவிடுங்கள். மூல ஆசிரியர் கையெழுத்திட்டு வெளியிடுபவராக இருந்தால் அவருடைய பொதுச் சாவியைப் பேக்கேஜுக்குள் வைத்து, புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடி இறக்கும் யூஸ்கேன் கருவி ஒவ்வொரு முறையும் தானே சரிபார்க்கும்படி செய்துவிடலாம். அரை மணி நேர வேலை.

அவசரப்படுத்தவும் வேண்டாம். 5.6.1ஐச் சீக்கிரம் டெபியனில் சேருங்கள் என்று கேட்டு டெபியனுக்கே கோரிக்கை வந்திருந்தது. அதை அனுப்பிய பெயரை அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை. அதிலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று மடல் வந்தாலே பழைய கைகள் இன்னும் மெதுவாகப் பார்க்கிறார்கள். "பயனர்கள் காத்திருக்கிறார்கள்" என்று நான் ஒருமுறை எழுதினேன். "காத்திருக்கட்டும்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

10. விண்ணப்பம்

புதிய உறுப்பினர்களுக்கான டெபியன் தளத்தில் நுழைந்து, மெயின்டெய்னர் விண்ணப்பத்தைத் தொடங்கி, சாவியின் முழுக் கைரேகையைக் கொடுங்கள். அப்புறம் உங்கள் கையில் இருப்பது இரண்டு அறிக்கை. எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்பது ஒன்று. இன்னொன்றில் டெபியனின் சமூக ஒப்பந்தம், கட்டற்ற மென்பொருள் நெறிகள், அதன் கணினிகளைப் பயன்படுத்தும் விதிகள் மூன்றையும் ஏற்கிறேன் என்று எழுதி, அதில் ஜிபிஜியால் கையெழுத்திட்டு ஒட்ட வேண்டும். மூன்றையும் உண்மையிலேயே படியுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அறிக்கையை மின்னஞ்சல் செயலியில் எழுதி நகலெடுத்தால் வரி உடைந்து கையெழுத்து செல்லாமல் போகும். சாதாரண எடிட்டரில் எழுதி, டெர்மினலிலேயே கையெழுத்திடுங்கள்.

அடுத்தது பரிந்துரை. உங்கள் வேலையைப் பார்த்த ஒரு டெவலப்பர் தன் சாவியால் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். "நல்ல பையன்" என்று எழுதினால் உதவாது. எந்தெந்தப் பேக்கேஜ், என்ன மாதிரித் தவறுகள், எப்படித் திருத்திக்கொண்டார் என்று எழுத அவரிடம் சரக்கு வேண்டும். அதனால் உங்கள் பதிவேற்றங்களைத் தேதியோடு ஒரு பட்டியலாக்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குப் பரிந்துரைத்தவர் பெங்களூர் டீக்கடைக்காரர்தான், அதாவது அங்கே டீ வாங்கிக் கொடுத்தவர்.

எல்லாம் சரியாக இருந்தால் பரிசீலனை முடிந்து, சாவி கொத்தில் சேரும். கொத்து புதுப்பிக்கப்படுவது ஏறத்தாழ மாதம் ஒருமுறை, மாதக் கடைசி வாரத்தை ஒட்டி. ஒரு நாள் தவறினால் ஒரு மாதம். சேர்ந்த பிறகும், பேக்கேஜுக்கான அனுமதியை ஒரு டெவலப்பர் கொடுத்தால்தான் பதிவேற்ற முடியும். இதை மறந்துவிட்டு, சாவி சேர்ந்த அன்றே பதிவேற்றி, ஏன் மறுத்தது என்று நான் விழித்தேன்.

11. எனக்கு ஆன செலவும் நாளும்

டெபியனுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. எனக்கு ஆனது: பெங்களூருக்கு இரண்டு முறை போய்வந்த பஸ், ஒரு மாநாட்டுக்கு ரயில், அங்கே ஓர் இரவு தங்கியது, இரண்டு பென்டிரைவ், ஜெராக்ஸ். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள். சீட்டில் பெயரைச் சரியாகப் போட்டிருந்தால் ஒரு பெங்களூர் குறைந்திருக்கும்.

நாளைப் பொறுத்தவரை, பெயர்க் குழப்பத்தில் நாலு மாதம் போனது. கையெழுத்துகள் வர மூன்று மாதம். புதுப் பேக்கேஜ் வரிசையில் இரண்டு முறை நின்றதில் ஐந்து மாதம். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம்.

12. சேர்ந்த பிறகு ஒரு தேதி

உங்கள் சாவியின் காலாவதியை எங்காவது பெரிதாக எழுதி வையுங்கள். நீட்டித்த சாவியை டெபியனின் சொந்தக் கீசர்வருக்கு அனுப்ப வேண்டும், உபுண்டு சர்வரில் மட்டும் ஏற்றினால் கொத்துக்கு வந்து சேராது. அங்கே அனுப்பினாலும் அடுத்த மாதாந்திரப் புதுப்பிப்பில்தான் ஏறும். காலாவதிக்கு முந்தைய வாரம் நீட்டித்தால் நடுவில் சில வாரம் உங்கள் பதிவேற்றங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். பெரும்பாலும் மறுப்பு மடல்கூட வராது. நான் இரண்டு மாதம் முன்னதாகவே போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அன்றைக்கு பீரோவிலிருந்து பென்டிரைவை எடுக்கும்போதே அது இன்னும் திறக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். போன முறை திறக்கவில்லை. அக்கா வீட்டில் இருந்ததைக் கூரியரில் வரவழைத்தேன்.